நற்கருணை பிரசாதமா?

அடுகோடியில் என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். மாதா கோயிலில் பூசை நடுவே எல்லாரும் வரிசையாகப் போனார்கள். பிரசாதம் தருகிறார்கள் என்று நானும் போய் நின்றேன். “ஐயா கிறிஸ்தவரா?” என்று சாமியார் கேட்டார். இல்லை என்றதும் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். மனசுக்குச் சுருக்கென்றது. அந்த உறுத்தலில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

கடைசி இரவு விருந்தில் இயேசு அப்பத்தைத் தம் உடலென்றும் திராட்சை இரசத்தைத் தம் இரத்தமென்றும் கூறினார். கத்தோலிக்கர் இதை உவமையாகக் கொள்வதில்லை. குரு அந்த வார்த்தைகளைச் சொன்னபின் அங்கே இருப்பது கிறிஸ்துவே என்பார்கள். திரெந்து சங்கம் 1551இல் இதை உறுதிப்படுத்தியது. மிஞ்சிய அப்பத்தைப் பேழையில் வைத்து அருகே விளக்கெரிப்பதும் முழந்தாளிடுவதும் இதனால்தான்.

எங்கள் சமண சாஸ்திரப்படி திரவியம் நிலைக்கும், பரியாயம் மாறும். பொற்குடத்தை அழித்து மகுடம் செய்தால் வடிவம் போகும், பொன் நிற்கும். சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் காட்டும் உவமை இது. நற்கருணை இதற்கு நேர் எதிர். நிறம், மணம், சுவை அப்படியே இருக்க, திரவியம் மட்டும் மாறுகிறதாம். சோதித்துப் பார்த்தால் கோதுமைதான் தெரியும். சபையும் அதை மறுக்கவில்லை. தாங்கும் திரவியமில்லாமல் குணம் எப்படி நிற்கும் என்று நான் கேட்பேன். இறைவல்லமையால் நிற்கும் என்பார் 13ஆம் நூற்றாண்டுத் தாமஸ் அக்வினாஸ்.

அப்படியானால் புலால் உண்பதா? புலால் மறுத்தவன் கேட்காமல் இருக்க முடியுமா? வெட்டிய மாமிசத் துண்டு அல்ல. உயிர்த்தெழுந்த கிறிஸ்து ஒவ்வொரு துணுக்கிலும் முழுமையாக இருக்கிறார், உண்பதால் குறைவதில்லை என்பது அவர்கள் விடை.

கிறிஸ்தவர் எல்லாரும் இதில் ஒன்றல்ல. 1529இல் மார்பர்க் நகரில் லுத்தரும் சுவிங்ளியும் இதற்காகவே வாதிட்டார்கள். அப்பம் அப்பமாகவே இருக்க, கிறிஸ்துவும் மெய்யாக இருக்கிறார் என்றார் லுத்தர். அது நினைவின் அடையாளம் என்றார் சுவிங்ளி. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்தபின் சபைகளின் வாதம் தமிழிலும் மூண்டது. லுத்தர் சபையாரை மறுத்து வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதினார்.

இப்போது வரிசைக்கு வருவோம். வாங்குகிறவர் ‘ஆமென்’ சொல்லி வாங்குகிறார். ‘ஆம், இவர் கிறிஸ்துவே’ என்று ஒப்புக்கொள்ளும் சாட்சி அது. பெரும்பாவம் செய்த கத்தோலிக்கரே பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கக் கூடாது. நம்பாத நான் வாங்கியிருந்தால் பொய்ச்சாட்சி ஆகியிருக்கும். அன்று அந்தச் சாமியார் என்னை அவமதிக்கவில்லை. என் நம்பிக்கைக்கும் சேர்த்தே மரியாதை செய்தார்.

அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்குப் போனால் அந்நேரம் இடத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருங்கள். அதுவே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பந்திக்கு எல்லாரையும் கூப்பிடுவார்கள். அங்கே யாரும் மதம் கேட்கமாட்டார்கள்.