பதம் பார்த்து இறக்குகிறவர்கள்

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்து டீக்கடையிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கமோ 1971 போரைப் பற்றிப் பேச்சு வந்தால் அது கடைசியில் ஒரு கதையில்தான் போய் நிற்கும். ஏப்ரல் மாதம். கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே படையை அனுப்புங்கள் என்கிறார் இந்திரா காந்தி. “இப்போது போனால் தோற்போம். மழை முடியட்டும், இமயக் கணவாய்களில் பனி விழட்டும்” என்று முகத்துக்கு நேரே மறுக்கிறார் தளபதி மானெக்‌ஷா. பிரதமர் இறங்கி வருகிறார். ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்த மானெக்‌ஷா தாமே பல மேடைகளில் சொன்ன கதை இது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் அதில் இருக்க வேண்டிய சிலரைக் காணவில்லை. டீ ஆறுவதற்குள் அவர்களைத் தேடிப் பார்ப்போம்.

அரசின் ஆலோசகர் என்றதும் நமக்கு உடனே சாணக்கியனோ சகுனியோ நினைவுக்கு வருகிறார்கள். ஆள்பவரின் காதில் ஓதுகிறவர், பின்னாலிருந்து ஆட்டிவைக்கிறவர் என்று. ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் எண்ணம் இது. இந்த எண்ணத்தோடு போனால் அவர்களுடைய வேலை நமக்குப் பிடிபடாது. ‘போரிடு’, ‘போரிடாதே’ என்று சொல்வது அந்த வேலையில் மிகச் சிறிய பகுதி.

பெரிய பகுதி எது என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பைப் பார்த்தால் போதும். சட்டி நிறையப் பால் ஊற்றுகிறார்கள். கிண்டிக் கிண்டிச் சுண்டவைத்து, கடைசியில் கையளவு எடுக்கிறார்கள். பிரதமர் அலுவலகத்துக்கும் இப்படித்தான் பால் வந்துகொண்டே இருக்கும்: தூதர்களின் தந்திகள், உளவுத்துறை அறிக்கைகள், ராணுவத்தின் கணக்கு, எல்லை மாநிலங்களின் கூக்குரல். அத்தனையையும் பிரதமர் படிக்க முடியாது. அதை ஒன்றிரண்டு பக்கக் குறிப்பாகச் சுண்டவைப்பவர்தான் ஆலோசகர். எது அடிப்பிடிக்காமல் மிஞ்ச வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது. அவர் முடிவெடுப்பதில்லை. ஆனால் முடிவெடுக்க உட்காருகிறவரின் முன்னால் என்ன இருக்கும் என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

1971-இல் அந்தக் கரண்டியைப் பிடித்திருந்தவர் பிரதமரின் செயலாளர் பி. என். ஹக்ஸர். அவரோடு மாஸ்கோவில் தூதராக இருந்த டி. பி. தர், வெளியுறவுச் செயலாளர் டி. என். கவுல், உளவுத்துறையின் ஆர். என். காவ், பிரதமர் அலுவலகத்தில் பொருளாதார அறிஞர் பி. என். தர். ஐவருமே காஷ்மீரப் பண்டிதக் குடும்பத்தினர். மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் தாக்குதல் தொடங்கியதிலிருந்து இவர்கள் எழுதிய குறிப்புகளும் கடிதங்களும் இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து 1971 பற்றி நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ஸ்ரீநாத் ராகவன், டீக்கடைக் கதையைத் திருப்பிப் போடுகிறார். பிரதமர் அவசரப்பட்டார் என்பதற்கே வலுவான சான்று இல்லை என்கிறார். தளபதி தடுக்கும் முன்பே ஹக்ஸர் வட்டம் பொறுமையைத்தான் எழுதிக்கொண்டிருந்தது.

மே 7 அன்று எதிர்க்கட்சித் தலைவர்களை இந்திரா சந்தித்தார். கிழக்குப் பாகிஸ்தானை வங்கதேசம் என்ற தனி நாடாக உடனே அங்கீகரிக்க வேண்டும் என்று நாடெங்கும் குரல். அங்கீகாரம் என்றால், ‘இது தனி நாடு, இவர்கள் அதன் அரசு’ என்று நாம் எழுத்தில் ஒப்புக்கொள்வது. அன்று என்ன பதில் சொல்லலாம் என்று பிரதமருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் ஹக்ஸர். அவசரப்பட்டு அங்கீகரித்தால் வங்காளிகளின் போராட்டம் இந்தியாவின் சதி என்றுதான் உலகம் பேசும் என்பது அவர் கவலை. அங்கீகாரம் வந்தது டிசம்பர் 6-ஆம் தேதி, போர் தொடங்கி மூன்று நாள் கழித்து.

வேகமாக இறங்கச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் நம் பக்கத்துக்காரர். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம், தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, அப்போது டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். அங்கிருந்து வந்துகொண்டிருந்த அகதிகளை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றும் செலவைவிடப் போரின் செலவு குறைவு என்பது அவர் வாதம். கணக்கு கூர்மையானது. ஆனால் அவர் சொன்ன வேகத்தை அரசு ஏற்கவில்லை. அவர் சமையலறைக்கு வெளியே நின்று பதம் சொன்னவர்.

காத்திருந்த மாதங்களில் உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த சோவியத் ஒப்பந்தப் பேச்சைத் தூசி தட்டினார்கள். ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பீஜிங் போய் வந்ததும் அவசரம் கூடியது. ஆகஸ்ட் 9 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு நாட்டுக்கு ஆபத்து வந்தால் இருவரும் உடனே கலந்து பேச வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தத் தீர்மானங்கள் வந்தபோது சோவியத் மூன்று முறை ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது. டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடையும் வரை நமக்குக் கிடைத்த அவகாசத்தில் அந்தத் தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. களத்தில் நின்ற வீரனின் பெருமை இதனால் குறையாது. அவனுக்கு வேண்டிய நாள்களை வாங்கிக் கொடுத்தவர்களையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. காத்திருந்தது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் டெல்லியில் இல்லை. ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். முகாம்களில் காலராவில் குழந்தைகள் செத்தார்கள். நல்ல ஆலோசனைக்கும் ரத்தக் கணக்கு உண்டு. தங்கள் குறிப்புகளை எழுதும்போது இது அந்த ஆலோசகர்களுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு அவர்கள் வாழ்க்கை என்ன ஆயிற்று? ராஜபாளையத்தில் பி. எஸ். குமாரசாமி ராஜா பெயரைச் சொன்னால் முதலமைச்சராக இருந்தவர், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆலோசகர்களுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. ஹக்ஸர் 1973 ஜனவரியில் பிரதமர் அலுவலகத்தை விட்டு விலகினார். நெருக்கடி நிலையின்போது அவர் குடும்பத்தாரின் கடையில் சோதனை நடந்தது, வயதான உறவினர் கைதானார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண்பார்வை போயிற்று. டி. பி. தர் 1975 ஜூனில், அறுபதைத் தொடுவதற்கு முன்பே இறந்துபோனார்.

சுப்ரமணியத்துக்கு மட்டும் இன்னொரு போர் காத்திருந்தது. கார்கில் போர் முடிந்ததும், எங்கே கோட்டை விட்டோம் என்று ஆராய 1999 ஜூலையில் அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது வந்தபோது, அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசு விருது வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவி அதற்கு முந்தைய ஆண்டுதான் பிறந்திருந்தது. பிரதமரின் முதன்மைச் செயலாளரே அதையும் சேர்த்துப் பார்த்துவந்தார். இரண்டு அடுப்பை ஒரே ஆள் கவனித்தால் ஒன்று தீய்ந்துபோகும் என்பதால், முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அது நடந்தது 2004-இல், ஆட்சி மாறிய பிறகு.