ஏற்காட்டு மலைப் பாதையும் வாலிபரின் மோட்டார் இன்ஷியூரன்ஸும்

புதிதாக லைசென்ஸ் பெற்று மோட்டார் ஓட்டும் வாலிபர்களிடம் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் எவ்வளவு பிரிமியம் வசூலிக்கலாம் என்ற கேள்வி மேல்நாடுகளில் ஓயாமல் விவாதிக்கப்பட்டு வருகிறது. இங்கிலாந்தில் பதினேழு வயதிலேயே கார் ஓட்டலாம். ஆனால் அவ்வயதுப் பையன் தன் பெயரில் இன்ஷியூரன்ஸ் எடுக்கப் போனால், வருஷம் ஒன்றுக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் கேட்பது அங்கு சகஜம். அவன் ஓட்டப் போகும் பழைய காரின் விலையையே அத்தொகை மிஞ்சிவிடுவதும் உண்டு. நமது தேசத்திலோ பதினெட்டு வயது வாலிபனும் அறுபது வயதுப் பெரியவரும் சட்டம் கட்டாயப்படுத்தும் இன்ஷியூரன்ஸுக்கு ஒரே தொகையைத்தான் செலுத்துகிறார்கள். நம்மவர்கள் பாக்கியசாலிகள் என்று இதைக் கேட்பவர்களுக்குத் தோன்றும். நாமோ இந்த மலிவுக்குள் மறைந்திருக்கும் விலையைப் பற்றியே இன்று எழுதப் புகுந்திருக்கிறோம்.

அந்த விலை இன்னதென்பதைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் நன்றாகக் காணலாம். ஒரு காலத்தில் தமிழ்ப் படங்களைக் கணக்கின்றித் தயாரித்தளித்த மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைக் கடந்து அடிவாரம் சேர்ந்ததும் மலை தொடங்குகிறது. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள ஊரை அடைவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாதையில் நின்று பார்ப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். சேலம், நாமக்கல், ஈரோடு முதலிய இடங்களிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் இருவர் இருவராக வாலிபர்கள் ஏறி வருகிறார்கள். அப்பனுடைய காரை இரவல் வாங்கிக்கொண்டு நால்வராய் வருகிறவர்களும் உண்டு. எதிரே காப்பியும் மிளகும் ஏற்றிய சிறு லாரிகள் இறங்குகின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களிலும் பலர் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளே. சேர்வராயன் மலையின் பூர்வ குடிகளான மலையாளி மக்களின் வீடுகளில் லைசென்ஸ் பெற்ற மகன் ஒருவன் இருப்பானாயின், குடும்பத்தின் ஜீவனமே அவன் கையிலுள்ள சக்கரத்தைப் பற்றி நிற்கிறது.

மலையில் ஏறுவது பெரிய வித்தையன்று; இறங்குவதே வித்தை. பெட்ரோல் மிச்சமாகும் என்றெண்ணி கியரை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி உருண்டு வருபவனுக்குப் பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும். கருகிய வாசனை மூக்கில் ஏறும்போது வளைவு கண்முன் வந்துவிடும். பழகிய டிரைவர்கள் எந்தக் கியரில் ஏறினார்களோ அந்தக் கியரிலேயே இறங்குவார்கள். குறுகலான இடத்தில் மேலேறும் வண்டிக்கே முதல் வழி என்பதையும் அவர்கள் அறிவார்கள். சமவெளியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவர் யார்? 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-வது விதியில், இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டவும், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்கு உருளவிடாமல் கிளப்பவும் பரீட்சிக்கப்பட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கும் சேலம் போன்ற ஜில்லாவில் இவ்விதியைச் சற்றுக் கடினமாகவே அனுஷ்டிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். 2024-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி தனியார் பஸ் ஒன்று இதே பாதையில் கவிழ்ந்து உயிர்கள் மாண்டதை ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி இன்ஷியூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். மோட்டாரால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கு இன்ஷியூர் செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் பிரிட்டனில் 1930-ம் வருஷத்துச் சட்டத்தால் வந்தது. நமது தேசத்தில் 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கான அத்தியாயம் இருந்தும், அது அமலுக்கு வந்தது 1946-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதிதான். இப்பொழுதுள்ள 1988-ம் வருஷத்துச் சட்டத்தில் 146-வது பிரிவு அதே கட்டாயத்தை விதிக்கிறது. பிறர் நஷ்டத்துக்கான பிரிமியத்தைக் கம்பெனிகள் தம் இஷ்டம்போல் ஏற்ற முடியாது, சர்க்கார் நிர்ணயிக்கிறார்கள். 2022-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு வருஷம் 2,094 ரூபாய். ஆயிரத்து ஐந்நூறு சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். மோட்டார் சைக்கிளில் 75 முதல் 150 சி.சி. வரையுள்ளதற்கு 714 ரூபாய், 350 சி.சி. வரை 1,366 ரூபாய். வரி வேறு. இந்தக் கணக்கில் இஞ்சினுக்கு இடமுண்டு, ஓட்டுகிறவனுக்கு இடமில்லை. அவன் நேற்று லைசென்ஸ் வாங்கியவனா, முப்பது வருஷம் விபத்தின்றி ஓட்டியவனா என்பதை எவரும் கேட்பதில்லை.

இங்கிலாந்து முறையை நாம் ஆதரிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். வாலிபர்கள் அதிகமாக விபத்துக்குள்ளாகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் ஒருவன் செய்யாத குற்றத்துக்கு, அவன் வயதுக்காரர்கள் செய்தார்கள் என்று அபராதம் வாங்குவது நியாயமாகாது. அங்கேயே ஒரு காலத்தில் பையன்களுக்கு ஒரு விகிதமும் பெண்களுக்குக் குறைந்த விகிதமும் இருந்தன. ஆண் பெண் பேதத்தைக் கொண்டு பிரிமியம் விதிக்கலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-ம் வருஷம் மார்ச் 1-ந் தேதி தீர்ப்பளித்தது. 2012-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி முதல் அந்தப் பேதம் ஒழிந்தது. வயதுப் பேதம் மட்டும் நின்றுவிட்டது. அதன் விளைவாக, மகன் ஓட்டும் காரைத் தகப்பன் தானே ஓட்டுவதாக எழுதிக் கொடுக்கும் பொய் அங்கே ஒரு வழக்கமாகி, அதற்கெனத் தனிப் பெயரும் ஏற்பட்டிருக்கிறது. ஏற்காட்டில் காப்பி மூட்டை ஏற்றிப் பிழைக்கும் பிள்ளையிடம் இந்த முறையில் பிரிமியம் கேட்டால், அவன் இன்ஷியூரன்ஸ் இன்றியே ஓட்டத் துணிவான். அன்றித் தொழிலை விடுவான்.

ஆனால் நமது முறை வாலிபனிடம் அதிகம் வாங்காதது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை அவனுக்கு அது கொடுப்பதும் சொற்பம் என்பது. இது பெரும்பாலான பெற்றோர்களுக்குத் தெரியாது. தகப்பன் பெயரிலுள்ள மோட்டார் சைக்கிளை மகன் எடுத்துச் சென்று, எட்டாவது வளைவில் தன் பிசகினாலேயே சறுக்கி விழுந்து மாண்டான் என்று வைத்துக்கொள்வோம். பிறர் நஷ்டத்துக்கான இன்ஷியூரன்ஸ் அவனுக்கு உதவாது. இரவல் வாங்கி ஓட்டுகிறவன் சொந்தக்காரனுடைய ஸ்தானத்தில் நிற்கிறான். ஆகையால் அவன் ‘பிறர்’ அல்லன் என்று 2009-ம் வருஷத்தில் நிங்கம்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் கூறினர். 2020-லும் அதையே உறுதிப்படுத்தினர். 2018-ம் வருஷ முடிவில் பதினைந்து லக்ஷ ரூபாயாக உயர்த்தப்பட்ட சொந்த விபத்துப் பாதுகாப்போ, வண்டி யார் பெயரில் ரிஜிஸ்தர் ஆகியிருக்கிறதோ அவருக்கு மட்டுமே. மகனுக்கு இதுவுமில்லை, அதுவுமில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த சிநேகிதன் கதி என்ன? கட்டாய இன்ஷியூரன்ஸ் மட்டும் உள்ள மோட்டார் சைக்கிளில் கூலியின்றிப் பின்னால் ஏறிவரும் நபருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பது 2006-ம் வருஷத்து திலக் சிங் வழக்கின் தீர்ப்பு. சகலத்துக்குமான முழுப் பாலிஸி எடுத்திருந்தால்தான் அவனுக்கு வழியுண்டு. ஞாயிறு தோறும் ஏற்காடு ஏறும் அந்த இருவர் இருவரான வாலிபர்களில், தாங்கள் எவ்வித பாலிஸியின்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

சரக்கு வண்டியின் விஷயம் இதனினும் மோசம். மே மாதத்தில் சேர்வராயன் கோவில் திருவிழா. கிராமங்களிலிருந்து ஜனங்கள் காப்பி மூட்டை ஏற்றும் வண்டியிலேயே ஏறிக்கொள்வார்கள். வாலிப டிரைவரும் உறவினரை இறங்கு என்று சொல்லமாட்டான். சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய பிரதிநிதியும் தவிர, சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் ஜனங்களுக்கு இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஈடு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்பது 2002-ம் வருஷ இறுதியில் ஆஷா ராணி வழக்கில் தீர்ந்துபோன விஷயம். விழுந்தவர்களுக்கு யார் கொடுப்பது? வண்டிக்காரனே. ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். சாதாரண லைட் மோட்டார் லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்குட்பட்ட வாடகை வண்டியையும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி அரசியல் சாசன பெஞ்சு தீர்ப்பளித்திருப்பதால், லைசென்ஸ் தக்கதல்ல என்று சொல்லிக் கம்பெனிகள் கை விரிப்பது இனி எளிதன்று.

வீட்டாரைப் பாழாக்கக்கூடிய தொகை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் பதினையாயிரம் ரூபாய் சம்பாதிக்கும் இருபத்து நான்கு வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவர், மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளவர், வாலிபன் ஓட்டிய வண்டியில் அடிபட்டு இறந்தார் என்று கொள்வோம். சுப்ரீம் கோர்ட்டார் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி வருமானத்தில் எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்த்து, அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழித்து, வருஷக் கணக்காக்கிப் பதினெட்டால் பெருக்க வேண்டும். வருவது 30,24,000 ரூபாய். சடங்குச் செலவு முதலியவை தனி. 714 ரூபாய் பாலிஸி உயிரோடிருந்தால் இதைக் கம்பெனி செலுத்தும். காலாவதியாகியிருந்தால், தகப்பனுடைய மிளகுத் தோட்டம் செலுத்தும். பாலிஸி இருந்து லைசென்ஸ் இல்லையென்றால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளும். 2004-ம் வருஷத்து ஸ்வரண் சிங் வழக்கு முதல் இதுவே வழி. மைனர் பையன் கையில் வண்டியைக் கொடுத்த தகப்பனுக்கு 2019-ம் வருஷத்துத் திருத்தம் மூன்று வருஷம் வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. பையனுக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் கிடையாது.

பாலிஸி காலாவதியாகும் தருணம் வேறு விசித்திரமாக வாய்த்திருக்கிறது. கோயமுத்தூர் எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் இட்ட உத்தரவால், 2018-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும், புது மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து வருஷத்துக்கும் ஒரே தடவையில் பிறர் நஷ்ட இன்ஷியூரன்ஸ் எடுத்தாக வேண்டும். தமிழ் நாட்டு டாக்டர் ஒருவர் தேசத்துக்கே செய்த உபகாரம் இது. ஆனால் ஐந்து வருஷம் எவரும் நினைக்க வேண்டியிராத ஒன்றை ஆறாவது வருஷத்தில் எவர் நினைப்பார்? பழசாகிப்போன வண்டி அப்பொழுதுதான் பிள்ளைக்குக் கைமாறுகிறது. காகிதம் செத்த வருஷமும் பையன் லைசென்ஸ் எடுத்த வருஷமும் ஒன்றாய் விடுகின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. 1973-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி, உள்நாட்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் 107-ஐ ஒன்று சேர்த்து நான்கு தேசியக் கம்பெனிகளாக ஆக்கினோம். அவற்றில் ஒன்றுக்குச் சென்னையே தலைமை ஸ்தானம். ஜனங்களின் சொத்தான இக்கம்பெனிகளாவது, சொந்த விபத்துப் பாதுகாப்பை வீட்டில் லைசென்ஸ் உள்ள மகன் மகள் பெயருக்கும் கேளாமலே சேர்த்துக் கொடுக்க முன்வரலாம். பெயர் குறித்தோ குறியாமலோ பிரயாணிகளைச் சேர்க்கும் ஷரத்து முழுப் பாலிஸியில் இப்பொழுதும் உண்டு; தொகையும் சொற்பமே; கேட்பவர்களுக்கு மட்டும் தருகிறார்கள். ஓட்டும் விதத்துக்கேற்பப் பிரிமியம் வாங்கும் முறைக்கும் 2022-ம் வருஷம் ஜூலையில் இன்ஷியூரன்ஸ் ஆணையம் அனுமதி கொடுத்திருக்கிறது. வாலிபனை வயதால் அளக்காமல் நடத்தையால் அளப்பதால் இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் திடீர் பிரேக்கையும் திருப்பத்தையும் எண்ணும் அக்கருவி சமவெளிக் கணக்கில் செய்யப்பட்டதாயின், ஒழுங்காக ஏற்காடு போய்வந்தவன் பெயரில் நாற்பது குற்றம் எழுதிவிடும். மலை ஜில்லாக்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும்.

அதுவரையில், 2021-ல் வாங்கிய மோட்டார் சைக்கிளின் பாலிஸி 2026-ல் முடிகிறது என்பதைத் தகப்பன்மார் சுவரிலுள்ள காலண்டரில் குறித்து வைப்பார்களாக. புதுப்பிக்கப் போகும்போது, ஓட்டப் போவது மகன் என்பதையும், பின்னால் உட்காரப் போவது அவன் சிநேகிதன் என்பதையும் ஏஜெண்டிடம் வாய்விட்டுச் சொல்லி, அவ்விருவருக்கும் என்ன உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குவார்களாக.