அடிக்கடி மயங்கி விழுறீங்களா? 'டில்ட் டேபிள்' பரிசோதனை யாருக்கு தேவை?

காலை பிரேயரில் வெயிலில் நிற்கும் மாணவி திடீரென சுருண்டு விழுகிறார். சில நொடிகள் கை, கால் வெட்டி இழுக்கிறது. 'வலிப்பு' என்று சொல்லி யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். நாம் பலமுறை பார்த்த காட்சிதான்.

ஆனால், கை கால் இழுத்தாலே அது வலிப்பு நோய் கிடையாது. மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைந்தாலும் இப்படி ஆகலாம். இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால், இல்லாத நோய்க்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவுவதுதான் டில்ட் டேபிள் பரிசோதனை.

எப்படி செய்வார்கள்?

சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சாயும் மேஜையில் படுக்க வைத்து, பெல்ட் மாட்டி, இசிஜி, பிபி கருவிகளை இணைப்பார்கள். பிறகு மேஜையை 60 முதல் 70 டிகிரி வரை நிமிர்த்தி, 20 முதல் 45 நிமிடம் வரை கண்காணிப்பார்கள். மயக்கம் வராவிட்டால், நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் மருந்து கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. மயக்கம் வந்தால் உடனே மேஜையைப் படுக்கை நிலைக்குக் கொண்டு வருவார்கள்.

யாருக்கு தேவை?

முதலில் மூன்று விஷயம்: எப்படி விழுந்தார் என்ற விசாரணை, படுத்தும் நின்றும் பிபி, ஒரு இசிஜி. ஊசியைப் பார்த்து ஒருமுறை மயங்கியவருக்கு பெரும்பாலும் இதிலேயே விடை கிடைத்துவிடும். அதன் பிறகும் தெளிவு இல்லை என்றால்தான் இந்த டெஸ்ட்:

* காரணம் புரியாமல் திரும்பத் திரும்ப மயக்கம்
* வலிப்பா, மயக்கமா என்ற சந்தேகம்
* எழுந்து நின்ற சிறிது நேரம் கழித்து பிபி குறைவதாக சந்தேகம்
* நின்றாலே படபடப்பு. பெரியவர்களுக்கு பிபி குறையாமலே, 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30-க்கு மேல் எகிறினால் அது 'பாட்ஸ்' பாதிப்பாக இருக்கலாம்

யார் தாமதிக்கக் கூடாது?

ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம், விழும் முன் நெஞ்சு படபடப்பு, குடும்பத்தில் இளவயது திடீர் மரணம். இதில் ஒன்று இருந்தாலும் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். டில்ட் டெஸ்ட் 'நார்மல்' என்று வந்தாலும் இதயத்தில் கோளாறு இல்லை என்று அர்த்தம் ஆகாது.

அடுத்த முறை யாராவது மயங்கினால் சாவியைத் தேடாதீங்க. படுக்க வைத்து காலைச் சற்று உயர்த்துங்க. ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டால் 108-ஐ அழையுங்க. டாக்டரைப் பார்க்கும்போது, விழுந்ததை நேரில் பார்த்தவரையும் கூட்டிட்டுப் போங்க. பல நேரம் அவர் சொல்வதே பாதி பரிசோதனை!