ஆடிக் காற்றை வடிகட்டும் வேலி

காற்றைத் தடுக்க மதில் எழுப்பினால் அது மதிலின் மேலேறி, மறுபுறம் சுழன்று இறங்கி, சற்றுத் தள்ளி நிற்கும் வாழைகளின் தலையில் அடிக்கும். மரவரிசை காற்றை நிறுத்துவதில்லை, வடிகட்டுகிறது. இலையும் கிளையும் பாதி, இடைவெளி பாதி என்றிருக்கும் வரிசை, தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தை நன்றாகத் தணிக்கும். 3 மீட்டர் வளர்ந்த நொச்சி 30 மீட்டர் தோட்டத்தைக் காக்கும் என்பதால், வீட்டுத் தோட்டத்துக்கு நெடுமரம் கட்டாயமில்லை.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசுகிறது. அங்கே வரிசை அமைய வேண்டிய இடம் மேற்கு எல்லை.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் உயரத்தையும் வளரும் வேகத்தையும் மட்டுமே கேட்கிறார்கள். காற்று வரும் மாதத்தில் மரத்தில் இலை இருக்குமா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, கோடையில் துளிர்த்து, ஆடிக்குள் அடர்ந்துவிடுகின்றன. இந்த மண்ணின் மரங்களுக்கு இந்த ஊர்க் காற்றின் கணக்கு தெரிந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த சவுக்கும் காற்றை நன்றாகவே வடிகட்டும். ஆனால் வயதாக ஆக அதன் அடிப்பகுதி வெறுமையாகி, காற்று கீழே புகுந்து ஓடும். பனையை மட்டும் நட்டாலும் இதே கதைதான்.

ஆகவே காற்று வரும் பக்கம் புதர் வரிசை, அதன் பின்னே வேம்பு, புங்கம், பூவரசு. புதருக்கு நொச்சியும் ஆடாதோடையும் நல்லவை. ஆடுகள் இவற்றை அவ்வளவாக மேய்வதில்லை. கொங்குநாட்டு மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றி நிற்கும் முள்கிளுவை இன்னும் மேல். போத்து வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். வறட்சியில் இலை கொட்டினாலும், பின்னிக் கிடக்கும் முட்கிளைகள் காற்றை இழுத்துப் பிடிக்கும். இப்படி நின்ற வேலிகளை வேரோடு பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறார்கள். கம்பிவேலி ஆட்டைத் தடுக்கும், காற்றை என்ன செய்யும்?

அழகுக்காக அடிக்கிளைகளைக் கழிக்கக் கூடாது. வாசலுக்கு விடும் இடைவெளியில் காற்று குவிந்து இன்னும் வேகமெடுக்கும். அதனால் வழியைச் சாய்வாக விடுவதோ, காற்று வராத பக்கம் வைப்பதோ நல்லது.