மண்ணுக்குள் விளையும் ஜவ்வரிசி!

கல்யாண வீட்டில் பாயசம். வெயில் காலத்தில் வடாம். இரண்டிலும் ஜவ்வரிசி உண்டு.

ஆனால், ஜவ்வரிசி எந்தப் பயிரில் விளைகிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். பெயரில்தான் அரிசி இருக்கிறது. அது நெல்லில் விளைவது அல்ல. எந்தச் செடியிலும் காய்ப்பதும் அல்ல. மரவள்ளிக் கிழங்கின் பாலை எடுத்து, மாவாக்கி, மனிதன் உருட்டுவது அது!

சேலம், நாமக்கல், தர்மபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இந்தக் கிழங்கு ஏராளம். குச்சிக் கிழங்கு என்றும் சொல்வார்கள்.

காத்திருக்காத கிழங்கு

நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். விலை ஏறட்டும் என்று பொறுத்திருக்கலாம். மரவள்ளி அப்படி அல்ல. தோண்டி எடுத்த இரண்டு, மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடும். பிறகு கறுத்துவிடும்.

நட்ட எட்டு, பத்து மாதத்தில் கிழங்கு முற்றும். ஒரு தோட்டத்தில் முற்றினால் பக்கத்துத் தோட்டங்களிலும் முற்றும். அத்தனையையும் அவித்துத் தின்ன ஊரில் வாய் ஏது? ஆனால், அதே கிழங்கை மாவாக்கி உலர்த்திவிட்டால் மாதக் கணக்கில் கெடாது. வெளியூருக்கும் அனுப்பலாம்.

யுத்தத்தில் பிறந்த தொழில்

ஒரு காலத்தில் ஜவ்வரிசி கடல் கடந்து கப்பலில் வந்தது. மில்களில் நூலுக்குக் கஞ்சி போடும் மாவும் வெளிநாட்டுச் சரக்குதான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. கீழ்த்திசைச் சரக்கு வருவது நின்றது.

சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்று ஒரு மீன் வியாபாரி இருந்தார். வியாபாரத்துக்காக மலையாள நாட்டுக்கு அடிக்கடி போய் வருவார். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் பழக்கம் அவருக்குக் கிடைத்தது. மரவள்ளியில் மாவு எடுக்கும் வித்தை ஷாவுக்குத் தெரியும்.

1943-ல் சேலத்தில் தொழில் தொடங்கியது. பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. ஈர மாவைச் சாக்குத் துணியில் போட்டு, தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டினார்கள். மாவு உருண்டு உருண்டு முத்து ஆயிற்று!

இன்று இயந்திரம் வந்துவிட்டது. வேலையின் முறை அதேதான். கிழங்கின் தோலைச் சீவிக் கழுவி அரைக்கிறார்கள். பாலை வடிகட்டித் தொட்டியில் விடுகிறார்கள். மாவு அடியில் படிகிறது. அதைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து உடைத்து, குலுக்கி உருட்டி, சலிக்கிறார்கள். முத்துக்களை வறுத்தால் சாதாரண ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்தால் கண்ணாடிபோல் இருக்கும் நைலான் ஜவ்வரிசி. பிறகு சிமெண்டுக் களத்தில் காய வேண்டும். வானம் கறுத்தால் களத்தில் ஓட்டம்தான்!

எதுவும் வீண் இல்லை. பால் எடுத்த சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனம். நாற்றம் பிடித்த கழிவு நீரில் இருந்தும் பல ஆலைகள் எரிவாயு எடுக்கின்றன.

தின்பது யார்?

விளைவது இங்கே, அதிகம் தின்பவர்கள் வடக்கே! மராட்டியத்தில் விரத நாளில் அரிசி, கோதுமையைத் தொடமாட்டார்கள். ஜவ்வரிசி கிழங்கில் ஆனது. அதனால் தடை இல்லை. வேர்க்கடலைப் பொடி சேர்த்துக் கிச்சடி செய்து சாப்பிடுவார்கள்.

ஆகவே, விலையை ஆட்டிப் படைப்பவர்கள் வெளியூர் வியாபாரிகள். முன்பு ஆலைக்காரர்கள் அவர்கள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 1981-ல் ஆலைக்காரர்களுக்கென்று சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. சுருக்கமாகச் சேகோசர்வ் என்பார்கள். மூட்டைகளை அதன் கிடங்கில் இறக்கலாம். வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை குறிக்க வேண்டும்.

இதனால் ஆலைக்காரர் காத்திருக்க முடிகிறது. விவசாயி?

அவருடைய கிழங்குக்கு ஆலையில் "பாயிண்ட்" பார்க்கிறார்கள். நூறு கிலோ கிழங்கில் 25 முதல் 30 கிலோ வரை மாவு இருக்கும். மாவு கூடினால் விலை கூடும், குறைந்தால் குறையும். விலை கட்டவில்லை என்று கிழங்கைத் திருப்பி எடுத்துப் போக முடியுமா? வீடு போய்ச் சேர்ந்து இரண்டு நாளில் கறுத்துவிடுமே! மண்ணிலேயே விட்டு வைத்தாலும் எத்தனை நாள்? முற்றிப் போனால் நார் பிடிக்கும். அடுத்த பயிருக்கு நிலமும் வேண்டும். லாபம் முழுவதும் காத்திருக்க முடிந்தவர் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம். கிழங்கை மாவாக்கும் வேலையில் விவசாயிகளும் சேர்ந்து இறங்கினால் ஒழிய இந்த நிலை மாறுவது கடினம்.

வெள்ளை மோகம்

இன்னொரு தொல்லையும் உண்டு. அது மக்காச்சோள மாவு. மரவள்ளி மாவு விலை ஏறும்போது, மலிவான மக்காச்சோள மாவைச் சிலர் கலக்கிறார்கள். கலப்படம் கூடினால் கிழங்குக்குத் தேவை குறையும். அடி விழுவது தோட்டக்காரருக்கு.

சுண்ணாம்புபோல் வெளுப்பாக இருந்தால்தான் நல்ல சரக்கு என்று கடையில் நினைக்கிறார்கள். அதற்காக ரசாயனம் போட்டு வெளுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரோடு வரும் முத்து, பால்போல் பளிச்சென்று இல்லாமல் சற்று மங்கலாக இருந்தால் இல்லத்தரசிகள் ஒதுக்க வேண்டாம். ரசாயனம் படாத கிழங்கு மாவின் நிறமே அதுதான்.