தீராத நோயும் குடும்ப வரவு செலவும்

பால்மரத் தோட்டங்களில் வேலை செய்வோரின் வருமானம் எல்லா மாதங்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மழை நாளில் வெட்டு இல்லை. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான இலையுதிர் காலத்தில் பால் குறைகின்றது. அதனுடன் கைக்கு வரும் கூடுதல் பணமும் குறைகின்றது. இந்த ஏற்ற இறக்கத்திற்கிடையே பிள்ளைகளின் படிப்பையும் அன்றாடச் சாப்பாட்டையும் கவனிப்பதே பெரும்பாடு. அத்தகைய குடும்பத்தில் ஒருவருக்குத் தீராத நோய் கண்டுவிட்டால், இச்சுமையை எவ்வாறு தாங்குவது என்ற மலைப்பு எழுவது இயல்பே. ஆயினும் முறையாகத் திட்டமிட்டால் இச்சுமையைத் தாங்க முடியும்.

இனிப்பு நீர் என நாம் வழங்கும் நீரிழிவு நோயையே எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே இது மிகுதியாகக் காணப்படுகின்றது. ஆகவே, இது தோட்டத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய செய்தியாகும்.

செலவு எங்கிருந்து வருகின்றது?

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுவதற்கான கட்டணம் 1 வெள்ளிதான். மருந்தும் அதில் அடக்கம். அவ்வாறிருக்க, பல குடும்பங்கள் இந்நோயினால் நொடித்துப்போவதேன்? சிகிச்சையை இடையில் நிறுத்துவதே முக்கியக் காரணம். பட்டணம் போய்வரப் பேருந்துச் செலவு, ஒரு நாள் வேலை இழப்பு, நெடுநேரக் காத்திருப்பு ஆகியவற்றை எண்ணி, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பலர் மருந்தை விட்டுவிடுகின்றனர். இந்நோய் வலி தராமலே உள்ளுறுப்புகளைக் கெடுக்கக் கூடியது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளில் கண் மங்கலாம், காலில் பட்ட சிறு புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்க நேரலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர் வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டும். வாரத்தில் 12 மணி நேரம் சிகிச்சையிலேயே கழியும்போது மரம் வெட்ட எவ்வாறு முடியும்? அன்று மிச்சப்படுத்திய பேருந்துக் காசு பின்னர் குடும்பத்தின் வருமானத்தையே விழுங்கிவிடுகின்றது.

வேலைத் தலத்தில் கவனிக்க வேண்டியவை

விடியுமுன் எழுந்து, வெறும் கோப்பியுடன் மருந்தை உட்கொண்டு, பத்து மணி வரை உணவின்றி வெட்டுவது ஆபத்தானது. சிலவகை மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் அவ்வேளையில் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே சர்க்கரை கலந்த நீரையோ மிட்டாயையோ உட்கொள்ள வேண்டும். பையில் எப்போதும் சிறிது இனிப்பு இருத்தல் நலம். வேலை தொடங்கும் நேரத்தை மருத்துவரிடம் தெரிவித்து, மருந்து வேளையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அட்டைக் கடியும் கத்திக் கீறலும் பெரும் புண்ணாகிவிடாதிருக்க, மூடிய காலணி அணிந்து, நாள்தோறும் மாலையில் பாதங்களைப் பார்வையிடுதல் அவசியம்.

குடும்பத்தின் பங்கு

நோயாளிக்குத் தனிச் சமையல் வேண்டியதில்லை. சோற்றைக் குறைத்துக் கீரை, காய்கறி, மீன் ஆகியவற்றைக் கூட்டுவதும், டின் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரும் வீட்டார் அனைவருக்குமே நன்மை பயக்கும். நோயைப் பற்றிக் கணவன் மனைவியிடமும், மனைவி கணவனிடமும் மறைத்தல் கூடாது. மருத்துவமனைக்குச் செல்லும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்தால் பிள்ளைகளும் நினைவூட்டுவர். நோய் கட்டுக்குள் உள்ளவருக்கு மாதாந்திர மருந்தைக் குடும்பத்தினர் வாங்கி வரலாம். பல அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் அஞ்சல் வழி மருந்து பெறும் வசதியும் உண்டு. அதனைக் கேட்டறிந்தால் ஒரு நாள் வேலை மிஞ்சும்.

நல்ல மாதத்தில் ஒதுக்குக

போக்குவரத்து, கட்டணம், காலணி, புண்ணுக்குரிய துணி ஆகியவற்றிற்கு மாதம் 30 வெள்ளி தேவைப்படுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு அது 360 வெள்ளி. நல்ல பால் கிடைக்கும் 9 மாதங்களில் மாதம் 40 வெள்ளி ஒதுக்கினால் அத்தொகை சேர்ந்துவிடும். இலையுதிர் கால 3 மாதங்களில் இதற்காகச் சம்பளத்தைத் தொட வேண்டியதில்லை. சம்பள நாளன்றே, கடைக் கணக்கைத் தீர்க்குமுன் இதனைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். மருத்துவச் செலவென்று வட்டி முதலைகளிடம் கைநீட்டுவது நோயினும் கொடிது. அக்கடன் தலைமேல் ஏறினால் இறங்குவது அரிது.

உரிமைகளை அறிவோம்

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவச் சான்றிதழுடன் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு ஆண்டில் 14 நாளும், 2 முதல் 5 ஆண்டுக்குட்பட்ட சேவைக்கு 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் பெறலாம். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை தனி விடுப்பு உண்டு. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்.

1971இல் செயற்படத் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோ, நோயினால் உழைக்க இயலாதுபோன, தகுதி பெற்ற சந்தாதாரருக்கு ஓய்வூதியம் வழங்குகின்றது. சிறுநீரகம் பழுதடைந்தவர்க்கு இரத்தச் சுத்திகரிப்பு உதவியும் அளிக்கின்றது. 60 வயதை எட்டுமுன்னரே விண்ணப்பித்துவிட வேண்டும். காலம் தாழ்த்தினால் உரிமையை நிலைநாட்டுவது கடினமாகும். ஊழியர் சேமநிதியில், அங்கீகரிக்கப்பட்ட கடும் நோய்களின் சிகிச்சைக்காகப் பணம் எடுக்கவும் வழியுண்டு. 2024 மே மாதம் முதல் எவ்வேளையிலும் எடுக்கத்தக்க தனிக் கணக்கும் ஏற்படுத்தப்பட்டுள்ளது. அதனைக் கைத்தொலைபேசிக்கும் விருந்துக்கும் கரைத்துவிடாமல் நோய்க் காலத்திற்கென விட்டுவைத்தல் அறிவுடைமை.

சம்பளச் சீட்டில் சொக்சோ, சேமநிதிப் பிடித்தம் உள்ளதா என மாதந்தோறும் பாருங்கள். மருத்துவ அட்டை, சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். விளங்காதவற்றைத் தொழிற்சங்கப் பொறுப்பாளரிடமோ தோட்டத்து டிரெசரிடமோ கேட்டறியத் தயங்க வேண்டாம்.

மரத்தை ஆழமாகக் காயப்படுத்தாமல் வெட்டினால்தான் அது பல்லாண்டு பால் தரும் என்பதை அறிந்தவர்கள் நாம். உழைக்கும் உடலையும் அவ்வாறே பேணுதல் வேண்டும். அடுத்த மருத்துவமனை நாள் எது என்பதை இன்றிரவே குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.