வீட்டுத் தடாகத்திற்கேற்ற நீர்ச்செடிகள்

வீட்டு முற்றத்திலே சிறு தடாகமொன்று அமைப்போர் பெரும்பாலும் முதலில் மலரையே நினைக்கின்றனர். எது அழகாகப் பூக்கும், எது விரைவிற் படரும் என்று அயலாரிடம் வினவி, கிடைத்ததைக் கொண்டுவந்து நீரில் இட்டுவிடுகின்றனர். நிலத்தில் நட்ட செடி வேலியைத் தாண்டுவது அரிது. நீரிலிட்ட செடியோ ஒரு பெருமழையோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலினின்று குளத்துக்கும் சென்றுவிடும். ஆதலின், பூவைப் பார்க்குமுன் அச்செடி வேரூன்றி நிற்பதா, மிதந்து திரிவதா என்பதையே பார்த்தல் வேண்டும்.

இதற்கு இலங்கையே போதிய சான்று. தென்னமெரிக்காவிலே தோன்றிய ஆற்றுவாழை, ஊதா நிறப் பூங்கொத்தின் அழகுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அது நீர்நிலைகளிற் பெருகிவிட, 1909ஆம் ஆண்டில் அதனைத் தடுப்பதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்தது, செடியும் போகவில்லை. தகுந்த நீரில் இரு வாரத்துக்குள் இரட்டிப்பாக வல்ல அச்செடியின் வித்து, சேற்றுக்குள்ளே பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். சல்வீனியா என்னும் மிதவைச் செடியின் கதையும் இத்தகையதே. 1939இல் தாவரவியற் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்கு வந்த அது, பின்னர் வயல்களையும் கால்வாய்களையும் மூடிற்று. ஒடிந்த துண்டுகளாலேயே பெருகும் அதனை அடக்குவதற்கு, பிரேசில் நாட்டிலே கண்டறியப்பட்ட சிறு கூன்வண்டொன்றை 1986இல் இங்கு விட வேண்டியிருந்தது.

இலைக்கொத்தாய் மிதக்கும் ஆகாயத்தாமரையும் வீட்டுக்கு ஆகாது. யானைக்கால் நோயைப் பரப்பவல்ல மன்சோனியா நுளம்பின் குடம்பிகள், அதன் வேரைத் துளைத்தே மூச்சுக்குரிய காற்றைப் பெறுகின்றன.

அவ்வாறாயின் நடத்தக்கவை யாவை? முதலிடம் அல்லியினத்துக்கே உரியது. அவற்றுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. நீல அல்லி காலையில் விரிந்து பிற்பகலிற் குவியும். வெள்ளாம்பல் மாலை இருளோடு விரிந்து மறுநாள் முற்பகலிற் குவியும். திங்களைக் கண்டு மலர்வதாகப் புலவர்கள் பாடிய ஆம்பல் இதுவே. வைகறையிற் கடமைக்குச் சென்று பொழுதுபட்டபின் வீடு திரும்புவோர் நீல அல்லியை நட்டால், விடுமுறை நாளிலன்றி அதன் மலர்ச்சியைக் காணார். அவர்க்கு வெள்ளாம்பலே உகந்தது.

நீல அல்லி 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. எனினும், அப்பெயராற் கிடைப்பதெல்லாம் அதுவன்று. தேசிய மலரெனப் படங்களில் இடம்பெற்றுவந்த அடர்ந்த ஊதா நிற அல்லி ஒரு கலப்பினமென 2017இல் தாவரவியலார் எடுத்துக்காட்டினர். நாட்டுக் குளங்களுக்குரிய மலர் வெளிர்நீலம் வாய்ந்தது. பகட்டிற் சற்றுக் குறைந்தது. அதனையே தேடி நடுவது நன்று.

தாமரைக்கு இடம் மிகுதியாக வேண்டும். அதன் கிழங்கு சேற்றுக்குள்ளே ஓடிப் பரவுவதாகையால், சிறு தொட்டியில் அல்லியையும் தாமரையையும் ஒருங்கே வைப்போர் ஈற்றில் தாமரையை மட்டுமே காண்பர்.

எச்செடியாயினும் தடாகத்தின் அடியிலே மண் கொட்டி நடாது, சட்டியில் நட்டு இறக்குவதே முறை. அகன்ற மட்சட்டியின் அடியில் நன்றாக மக்கிய எரு சிறிதளவு இட்டு, அதன்மேற் களிமண்ணை நிரப்புதல் வேண்டும். புதுச் சாணம் நீரைக் கெடுக்கும். அல்லிக் கிழங்கைச் சட்டியின் நடுவே நிமிர்த்தி, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி வைக்க வேண்டும். குருத்தை மூடி அழுகவிடுவதே புதியோர் செய்யும் பெரும்பிழை. தாமரைக் கிழங்கைக் கிடையாக வைத்தல் வேண்டும். அதன் முளை எளிதில் ஒடிவது, ஒடிந்தால் அக்கிழங்கு பெரும்பாலும் பயன்படாது. மண் கலங்காதிருக்க மேலே ஓர் அங்குலம் மணல் பரப்புதல் நலம். முதலிற் சட்டியைச் செங்கற்களின்மேல் வைத்து, 6 அங்குல நீரே மேலே நிற்கச் செய்து, இலைகள் நீர்மட்டத்துக்கு வந்தபின் கற்களை ஒவ்வொன்றாக அகற்றி ஒன்றரை அடி ஆழம்வரை இறக்கலாம்.

நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலின்றி அல்லி பூவாது. மாமர நிழலிலே தடாகம் வெட்டியவர் இலையை மட்டுமே காண்பர். நீர்ப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இலைகள் மூடினாற் பாசியும் அடங்கும். குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்கள் சிலவற்றைத் தடாகத்தில் விடுதலும், நட்டபின் மிஞ்சிய வெறுஞ்சட்டிகளைக் கவிழ்த்து வைத்தலும் மறத்தலாகாது. டெங்கு நுளம்புக்குச் சட்டியிலே தேங்கிய மழைநீரே போதும். தடாகக் கரையின் ஈர மண்ணில் வல்லாரையைப் படரவிடலாம். அதிகமாயின் சம்பலுக்கு ஆகும்.

சட்டியை ஆண்டுக்கொருமுறை எடுத்துக் கிழங்குகளைப் பிரித்து, புதுமண் இட்டு நடுதல் வேண்டும். அப்போது கழிக்கப்படும் கிழங்கையும் கொடியையும் தெருவோர வாய்க்காலில் எறியாது, வெயிலில் நன்கு உலர்த்தித் தென்னை அல்லது வாழையின் அடியிலே புதைத்துவிடல் வேண்டும்.